கொரியப் பாட்டியும் ஒரு எவர்சில்வர் டப்பாவும்

போன மாதம் எங்கள் எதிர் ஃப்ளாட்டுக்கு ஒரு கொரியக் குடும்பம் குடி வந்தது. புனேயில் இது பெரிய அதிசயம் இல்லை. ரஞ்சன்காவ், தளேகாவ் பக்கமெல்லாம் கொரியக் கம்பெனிகள் இருக்கின்றன. கணவன், மனைவி, நாலைந்து வயதில் ஒரு பையன். முதல் நாள் லிஃப்டில் பார்த்தபோது அந்தப் பொடியன் இடுப்பை வளைத்துக் குனிந்து எனக்கு வணக்கம் சொன்னான். நானும் பழக்க தோஷத்தில் குனிந்துவிட்டேன். அவன் அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம்.

வீட்டுக்கு வந்து தங்கமணியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் சமையலறைக்குப் போய், மேல்தட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். மூடியில் ஒரு ஓரத்தில் சின்ன நசுங்கல். "இது ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருக்காதா பின்னே? அந்த டப்பாவின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006 மார்ச்சில் ஆராய்ச்சி வேலை கிடைத்து நாங்கள் இருவரும் தென்கொரியாவின் தேஜான் நகரத்துக்குப் போனோம். ஆராய்ச்சிக்கூடங்கள் நிறைந்த ஊர். தேதோக் என்ற பகுதியில் 1970-களிலிருந்தே அரசாங்கம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து குவித்திருக்கிறது. அங்கே என் சம்பளத்துக்குக் கிடைத்தது ஒரு 'வில்லா'. ஊரில் அப்பாவிடம் போனில் "வில்லாவில் இருக்கோம்ப்பா" என்றதும் அவர் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டார். கொரியாவில் வில்லா என்றால் லிஃப்ட் இல்லாத, மூன்று நான்கு மாடி உள்ள பழைய அடுக்குக் குடியிருப்பு, அவ்வளவுதான் :-) எங்களுடையதில் எட்டு வீடுகள். நாங்கள் 202. எங்களுக்கு நேர் கீழே 102-இல் ஒரு பாட்டி, தனியாக இருந்தார்.

பாட்டியோடு எங்கள் முதல் சந்திப்பே சண்டையில் ஆரம்பித்தது. அதாவது, நான் சண்டை என்று நினைத்தேன்.

குடிபோன மூன்றாம் நாள், கடையில் கொடுத்த கறுப்பு பிளாஸ்டிக் பையில் குப்பையை எல்லாம் ஒன்றாகப் போட்டுக் கட்டி வாசலில் வைத்துவிட்டு ஆபீஸ் கிளம்பினேன். பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினால், சுருட்டை முடியும் பூப்போட்ட கால்சட்டையுமாக ஒரு பாட்டி என் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், குப்பை வைக்கும் இடத்தில் நிறுத்தி, பையைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டித் திட்டினார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். மானம் போயிற்று. 'சரியான சண்டைக்காரக் கிழவி வீட்டு மேல வந்து மாட்டிக்கிட்டோம்டா சாமி' என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கொரியாவில் 1995 முதல் குப்பைக்கென்று காசு கொடுத்து வாங்கும் பிரத்தியேகப் பை உண்டு. எவ்வளவு குப்பை போடுகிறோமோ அவ்வளவு பை வாங்க வேண்டும். சாப்பாட்டுக் கழிவு தனி, காகிதம் தனி, பாட்டில் தனி. தப்பாகப் போட்டால் அபராதம். இதெல்லாம் லேப் நண்பர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம். பாட்டிதான். கையில் ஒரு கட்டு குப்பைப் பை, ஒரு சின்ன மூடி போட்ட வாளி, நாலு பழைய காலண்டர் தாள். தாள்களின் பின்பக்கம் அவரே பேனாவால் படம் வரைந்திருந்தார். ஒன்றில் மீன் முள், ஒன்றில் பாட்டில், ஒன்றில் செய்தித்தாள். உள்ளே வந்து, எங்கள் சமையலறைச் சுவரில் வரிசையாக ஒட்டிவிட்டு, தங்கமணியின் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

காலையில் மனசுக்குள் திட்டியதற்கு எனக்குள்ளேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் பாட்டி எங்களை எப்போது பார்த்தாலும் கேட்கும் ஒரே கேள்வி, "பாப் மொகொஸ்ஸொயோ?" அப்படியென்றால் 'சோறு சாப்பிட்டாச்சா?' என்று அர்த்தம். காலை ஏழு மணிக்கும் அதே கேள்விதான், ராத்திரி பத்து மணிக்கும் அதேதான். திருநெல்வேலிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எங்கள் ஊரில் எதிரில் வருபவரை "சாப்ட்டாச்சா?" என்று கேட்காவிட்டால்தான் கோபம் என்று அர்த்தம்.

சாப்பாடுதான் எங்களுக்குப் பெரிய பிரச்சினை. இருவரும் சைவம். அந்த ஊரில் 'கோகி சாப்பிட மாட்டோம்' என்று சொன்னால், மாட்டையும் பன்றியையும் எடுத்துவிட்டு மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள். மீனும் வேண்டாம் என்றால், கிம்ச்சி சாப்பிடுங்கள், அது முட்டைக்கோஸ்தானே என்பார்கள். அதில் உப்பில் ஊறிய இறால் குஞ்சும் நெத்திலி ரசமும் சேர்த்திருப்பார்கள். சாக்கோ பை என்று ஒரு தின்பண்டத்தை முதல் மாதம் முழுக்க ரசித்துத் தின்ற பிறகுதான் உள்ளே இருக்கும் வெள்ளை மெத்தையில் ஜெலட்டின் இருப்பது தெரிந்தது. (அவ்வ்வ்...)

ஆகவே வீட்டில் சாம்பார், ரசம், பெருங்காயத் தாளிப்பு. மே மாதம் ஒருநாள் எங்கள் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. லேப் நண்பரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சங்கடமாகச் சிரித்தார். "சமையல் வாசனை தாங்க முடியலையாம். ஜன்னலை மூடிட்டுச் சமைக்கச் சொல்லியிருக்காங்க."

தங்கமணி ஒரு வாரம் தாளிக்கவே இல்லை. தயிர் சாதம், ரொட்டி, ஊறுகாய். புது ஊரில், பேச ஆள் இல்லாமல், பிடித்ததைச் சமைக்கவும் முடியாமல் அவள் முகம் சுருங்கிப் போனது. ஏழாம் நாள் பாட்டி மேலே வந்தார். மூக்கைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து, ஏன் வாசனையே வரவில்லை என்று சைகையில் கேட்டார். தங்கமணி அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினாள். பாட்டி படித்தார். நாலாக மடித்துத் தன் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை கட்டடமே குலுங்கும்படி ஒரு நாற்றம். சொங்குக்ஜாங் என்று ஒரு குழம்பு உண்டு. புளிக்க வைத்த சோயா மொச்சையில் செய்வது. கொரியர்களிலேயே பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். பாட்டி வாசல் கதவை அகலத் திறந்து வைத்து, அதைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் யாரோ ஏதோ கேட்க, பாட்டி உரக்கப் பதில் சொன்னார். நண்பரிடம் பிறகு விசாரித்ததில் விவரம் தெரிந்தது. "என் வீட்டுக் குழம்பு நாற்றத்தைப் பொறுத்துக்கிறீங்க இல்ல? அந்தப் பொண்ணு வீட்டு வாசனையையும் பொறுத்துக்கோங்க. அவளும் எங்கேயிருந்தோ வந்து சோறு பொங்கித் திங்கிறா" என்றாராம். அதற்குப் பிறகு எங்கள் கதவில் சீட்டு வரவில்லை.

நவம்பரில் கிம்ஜாங் வந்தது. குளிர்காலம் முழுமைக்குமான கிம்ச்சியை அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி ஒரே மூச்சில் போடுவது. (2013-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.) நம்மூரில் வற்றல், வடாம், மாவடு சமயத்தில் மொட்டை மாடியில் கூட்டம் கூடுமே, அதே மாதிரி. தங்கமணிக்கு அப்போது ஏழாவது மாதம். பாட்டி அவளைக் கீழே அழைத்துப் போய் ஒரு மெத்தையில் உட்கார வைத்தார். வேலை செய்ய விடவில்லை, சும்மா பார்க்க வைத்தார். கடைசியில் தனியாக ஒரு பாத்திரம் எடுத்து, ஐந்து முட்டைக்கோஸுக்கு மட்டும் வேறு மசாலா கலந்தார். இறால் இல்லை, நெத்திலி இல்லை, பூண்டுகூட இல்லை. கைகளைக் கூப்பி, மொட்டைத் தலையைத் தடவுவது போலக் காட்டினார். புத்த கோயில் சாமியார்கள் சாப்பிடும் கிம்ச்சி என்று புரிந்தது. அங்கே கோயில் சமையலில் மீன், இறைச்சி மட்டுமல்ல, பூண்டு, வெங்காயமும் கிடையாது. தங்கமணிக்குப் பூண்டு உயிர். ஆனால் அதை எப்படிச் சொல்வது? ஆறு மாதமாக நாங்கள் எதைத் தின்கிறோம், எதை ஒதுக்குகிறோம் என்று கவனித்து வைத்திருந்த மனுஷியிடம் அதைச் சொல்லத்தான் மனசு வருமா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதைச் சொல்ல இன்றும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பிரசவத்துக்கு என் மாமியார் வருவதாக இருந்தது. டிக்கெட்டும் போட்டாயிற்று. கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் முறிவு. என் அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. 'டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கே' என்று நான் அசட்டையாக இருந்தேன். 2007 ஜனவரியில் போஹாங்கில் உள்ள துகள் முடுக்கி ஆய்வகத்தில் எங்கள் குழுவுக்கு மூன்று நாள் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். விட்டால் அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான். "மூணே நாள், ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தங்கமணி சரி என்றாள். அந்தச் 'சரி'யில் என்ன இருந்தது என்று கவனிக்க எனக்கு நேரமில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி. கருவிகள் இருக்கும் இடத்துக்கு மொபைலைக் கொண்டுபோகாமல் மேஜையிலேயே வைத்துவிட்டேன். விடிகாலை நாலரைக்கு வெளியே வந்து பார்த்தால் பதினோரு தவறிய அழைப்புகள். எல்லாம் தங்கமணி. திரும்பக் கூப்பிட்டால் எடுக்க ஆளில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் தேஜானில் நடந்ததை எல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஒரு மணிக்குப் பனிக்குடம் உடைந்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கி 102-இன் கதவைத் தட்டியிருக்கிறாள். பாட்டி கதவைத் திறந்தார், ஒரு பார்வைதான், புரிந்துகொண்டார். அவளை உட்கார வைத்துவிட்டு, அந்த வயதில், இரண்டு மாடி ஏறி 301-இன் கதவை இடித்தார். அங்கே ஒரு டாக்ஸி டிரைவர். இரவு ஓட்டம் முடித்துவிட்டு அப்போதுதான் படுத்திருந்தார். அவர் மனைவி கம்பளியைக் கொண்டுவந்து சுற்ற, அந்தப் பனியில் ஊர்ந்து ஊர்ந்து பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அங்கே ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது, 'பொஹோஜா யார்?' என்றுதான். நோயாளிக்குப் பொறுப்பான, கூட இருக்க வேண்டிய ஆள் என்று பொருள். பாட்டி "நான்தான்" என்றிருக்கிறார். நர்ஸுக்குச் சந்தேகம். முகம் அப்படி, இது இப்படி. என்ன உறவு என்று கேட்டிருக்கிறார். அதே நேரம் தங்கமணி வலி தாங்காமல் "அம்மா!" என்று கத்தியிருக்கிறாள்.

கொரிய மொழியில் அம்மாவுக்கு 'ஒம்மா'. அப்பாவுக்கு 'அப்பா'வேதான்.

பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒம்மா இங்கேதான் இருக்கேன், ஒம்மா இங்கேதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். நர்ஸ் அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. "எங்க அம்மா வந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்களோ அதைத்தாங்க அவங்க சொன்னாங்க, எனக்குப் புரிஞ்சுது" என்று தங்கமணி இன்றைக்கும் சொல்வாள்.

(இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். தமிழுக்கும் கொரிய மொழிக்கும் உறவு உண்டு என்று நம்மவர்கள் அடிக்கடி பேசுவது உண்டு. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கண நூல் எழுதியிருக்கிறார். நாள் என்பதற்கு 'நால்', புல்லுக்கு 'புல்' என்று கேட்கும்போது நமக்கும் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் இன்றைய மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்பதில்லை, தற்செயல் ஒற்றுமை என்கிறார்கள். இருக்கட்டும். அந்த ராத்திரியில் அந்தத் தற்செயல் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.)

நான் முதல் பஸ்ஸைப் பிடித்து, பனியில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நகர்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மகள் பிறந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. வராந்தாவில் பாட்டி உட்கார்ந்தவாறே தூங்கிக்கொண்டிருந்தார். காலில் வீட்டுச் செருப்பு. பனியில் நனைந்து, காலுறை ஈரம் இன்னும் காயவில்லை. என்னைப் பார்த்ததும் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். குப்பைக்கே அந்தத் திட்டுத் திட்டியவர். இதற்குத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து, என் தலையில் இருந்த பனியைத் தட்டிவிட்டு, "பாப் மொகொஸ்ஸொயோ?" என்றார்.

வராந்தா என்றும் பார்க்காமல் நான் அழுதுவிட்டேன்.

பிறகு இருபத்தொரு நாள். கொரியாவில் பிள்ளை பெற்றவளுக்குக் கணக்கே அதுதான், மூன்று ஏழு. தினமும் காலையில் அந்த எவர்சில்வர் டப்பாவில் மியொக்குக் வரும். கடல்பாசி சூப். பெற்றவளுக்குக் கொடுப்பார்கள், பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அதையே குடிப்பார்கள். வழக்கமாக மாட்டிறைச்சியோ சிப்பியோ போடுவது. பாட்டி எங்களுக்காக நல்லெண்ணெயில் பாசியை வதக்கி, சோயா ரசம் மட்டும் விட்டுச் செய்தார். வெந்நீர்தான் குடிக்க வேண்டும், காலுறை இல்லாமல் தரையில் கால் வைக்கக்கூடாது, காற்று படக்கூடாது. தங்கமணி சிரித்தாள். "காதுல பஞ்சு வைக்கச் சொல்றது ஒண்ணுதான் பாக்கி. எங்க ஆச்சியேதாங்க இவங்க!"

ஊருக்கு போன் கார்டு போட்டுப் பேசும்போது என் மாமியார், "மாப்ள, அந்தப் பெரியம்மாகிட்ட போனைக் கொடுங்க" என்றார். "அத்தே, அவங்களுக்குத் தமிழ் தெரியாது" என்றேன். "அது எனக்குத் தெரியாதா? நீங்க கொடுங்க." கொடுத்தேன். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த மாமியார் திருநெல்வேலியிலிருந்து தமிழில் அழுகிறார். பாட்டி தேஜானிலிருந்து கொரிய மொழியில் "க்வென்ச்சானா, க்வென்ச்சானா" என்கிறார். பரவாயில்லை, பரவாயில்லை என்று அர்த்தம். கார்டில் காசு தீரும் வரை பேசினார்கள்.

301 டிரைவருக்கு ஒரு உறையில் பணம் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அதே உறை, அதே பணத்தோடு, ஆறு சின்னப் பருத்திச் சட்டைகளுக்கு நடுவில் திரும்பி வந்தது.

ஏப்ரலில் மகளுக்கு நூறாம் நாள். பேகில் என்று கொண்டாடுவார்கள். வெள்ளை அரிசிக் கேக் அவித்து எத்தனை வீட்டுக்குக் கொடுக்கிறோமோ அவ்வளவு ஆயுள் என்பது நம்பிக்கை. பாட்டி அவித்துத் தர, எட்டு வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மே மாதச் சீட்டை ஒட்டியவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் வீட்டிலும் கொடுத்திருப்பேன். எல்லாப் பாத்திரமும் அன்று மாலைக்குள் திரும்பி வந்துவிட்டன. ஒன்றில் நூல்கண்டு, ஒன்றில் அரிசி, ஒன்றில் குழந்தை சோப்பு. ஒன்றுகூட வெறுமனே வரவில்லை. 'அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காதே, நாலு சீனியாவது போட்டுக் கொடு' என்பாள் என் அம்மா. அவர்களுக்கும் ஒரு அம்மா அப்படித்தான் சொல்லியிருப்பாள் போல.

இந்த மாதிரி ஒட்டுதலுக்கு அவர்கள் 'ஜொங்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பாசம் என்று சொல்லலாம். ஆனால் பிடித்தவர்கள்மேல்தான் வர வேண்டும் என்று இல்லை, கூடவே இருந்தால் போதும், தானாக வந்துவிடும் என்பார்கள்.

2008 ஆகஸ்டில் புனேயில் வேலை கிடைத்துக் கிளம்பினோம். ஏர்போர்ட் பஸ் ஏறும் காலையில் பாட்டி அந்த டப்பாவில் கிம்பாப் சுருட்டிக் கொடுத்தார், ஹாம் போடாமல், காரட்டும் கீரையும் வைத்து. மகளைக் கீழே விட மனசில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். டப்பாவைத் திருப்பிக் கொடுக்க நேரமில்லை. அது எங்களோடு இந்தியா வந்துவிட்டது.

லேப் நண்பர் உதவியால் ஒரு கடிதம் எழுதினேன். அதற்குப் பதில் வந்தது, அதே காலண்டர் தாளில். அடுத்த கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன். புது வேலை, வீட்டுக் கடன், பள்ளிக்கூட அட்மிஷன்... காரணம் சொல்லவா ஆளில்லை?

2015 அக்டோபரில் ஒரு கருத்தரங்குக்காக மறுபடி தேஜான் போகும் வாய்ப்பு வந்தது. தங்கமணி அந்த டப்பா நிறையத் திருநெல்வேலி அல்வா வைத்துக் கொடுத்தாள். மகளின் போட்டோக்களும் எடுத்துக்கொண்டேன். அந்தத் தெருவுக்குப் போனால், எங்கள் வில்லாவைக் காணோம். இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் எழுப்பியிருந்தார்கள். மூலையில் இருந்த பலசரக்குக் கடை மட்டும் அப்படியே இருந்தது. கடைக்கார அம்மாவிடம் கேட்க வாயைத் திறந்த பிறகுதான் உறைத்தது, எனக்குப் பாட்டியின் பெயர் தெரியாது. அங்கே பெரியவர்களைப் பெயர் சொல்லும் வழக்கமில்லை. அவர் எங்களுக்கு ஹல்மொனி, பாட்டி. தங்கமணி அவருக்கு முதலில் 'புதுப்பெண்', பிறகு 'பாப்பா அம்மா'. இரண்டரை வருடம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன், பெயர் கேட்கத் தோன்றவில்லை. "102 ஹல்மொனி" என்றேன்.

அந்த அம்மா புரிந்துகொண்டார். "தொராகாஷ்யொஸ்ஸொயோ" என்றார்.

எனக்குத் தெரிந்த கொரிய மொழியில் அதற்கு 'திரும்பிப் போய்விட்டார்' என்று அர்த்தம். மகனோடு இருக்கப் போய்விட்டார் போல என்று நினைத்து, "எங்கே? எந்த ஊருக்கு?" என்று கேட்டேன். அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை மேலே காட்டினார். பெரியவர்கள் இறந்துபோனால் அங்கே அப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அல்வாவை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். டப்பாவைக் கழுவிக் கொடுத்தார், உள்ளே இரண்டு ஆரஞ்சு வைத்து.

இப்போது புனேக்கு வருவோம். எதிர் ஃப்ளாட் குடும்பம் வந்த இரண்டாவது வாரம், எங்கள் சொசைட்டியின் வாட்ஸப் குழுவில் ஒருவர் எழுதினார், லிஃப்ட் வரை ஏதோ அழுகிய நாற்றம் வருகிறது, புதிதாக வந்தவர்களிடம் யாராவது சொல்லுங்கள் என்று. கீழே வரிசையாகப் பெருவிரல்கள். எனக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும். சொங்குக்ஜாங். நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நமக்கெதற்கு வம்பு, இத்தனை பேரோடு தினமும் முகத்தில் முழிக்க வேண்டும் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். தங்கமணி அந்த டப்பாவை எடுத்து முன்னால் வைத்தாள் என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? அன்று அவள் வைத்தது சும்மா ஞாபகத்துக்காக. இந்த முறை மறுபடி எடுத்து வைத்தபோது ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குழுவில் எழுதினேன். "நான் கொரியாவில் இருந்தபோது என் வீட்டுச் சாம்பார் வாசனைக்கும் இப்படித்தான் புகார் வந்தது. கீழ்வீட்டுப் பாட்டி எனக்காகப் பேசினார். என் மகள் பிறந்த ராத்திரி என் மனைவி பக்கத்தில் இருந்தது அவர்தான். இது அழுகிய நாற்றம் இல்லை, சோயா மொச்சைக் குழம்பு. நம் வீட்டுப் பெருங்காயம் மாதிரிதான், பழகிவிடும்." ஒருவர் மட்டும் கைகூப்பும் படம் போட்டார். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நாற்றப் பேச்சும் அதற்குமேல் வரவில்லை.

சாயங்காலம் தங்கமணி டப்பா நிறையப் பால் பாயசம் ஊற்றிக் கொடுத்தாள். எதிர்க் கதவைத் தட்டினேன். அந்தப் பெண் பாதிக் கதவைத் திறந்து, பயந்துகொண்டே என்னைப் பார்த்தார். வாசனையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். எத்தனையோ வருடமாகப் பேசாத கொரிய மொழி. வாயில் வந்தது அந்த ஒரே வாக்கியம்தான்.

"பாப் மொகொஸ்ஸொயோ?"

கதவு முழுதாகத் திறந்தது.

விடுதியில் இருக்கும் மகளிடம் ராத்திரி போனில் சொன்னேன். "எதிர்வீட்டு ஆன்ட்டி பேர் என்னப்பா?" என்றாள். இந்த முறை கேட்டு வைத்துக்கொண்டேன் :-)